ஒரு வீட்டுக்கு இரண்டு தரகு

நாவல்களில் வரும் வீட்டுத் தரகருக்கு எப்போதும் ஒரே முகம்தான். வெற்றிலைக் காவி ஏறிய பல், அக்குளில் இடுக்கிய குடை, எதிலும் நேராக நிலைக்காத பார்வை. அவரை மூன்றாவது அத்தியாயத்தில் உள்ளே விட்டு, நாலாவது அத்தியாயத்தில் கதாநாயகனின் பூர்வீக வீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடச் செய்து, ஐந்தாவது அத்தியாயத்தில் ஆசிரியர் அவரை மறந்தே போய்விடுவார். அந்த மனிதருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவர் வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துச் சம்பளம் கட்ட வேண்டும் என்கிற விஷயம் கதைக்குத் தேவைப்படுவதில்லை.

நிஜத் தரகரின் பிழைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டை முப்பது பேருக்குக் காட்டுகிறார். வெயிலில் வந்து பூட்டைத் திறந்து, மாடிக்கு அழைத்துப் போய், கிணற்றை எட்டிப் பார்க்க வைத்து, "கார்ப்பரேஷன் தண்ணி காலையிலே ஒரு மணி நேரம் வரும்" என்று முப்பது தடவை சொல்கிறார். இருபத்தொன்பது பேர், "வீட்டிலே கலந்துகொண்டு சொல்கிறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். அந்த இருபத்தொன்பது நடைக்கும் சேர்த்து முப்பதாவது ஆளிடமிருந்துதான் அவருக்குக் கூலி. ஆகையால் முப்பதாவது ஆள் யார் என்பது அவருக்கு ஜீவாதாரமான கேள்வி. "அவர் என் பார்ட்டி" என்று ஒரு தரகர் குரலை உயர்த்தும்போது அதைப் பேராசை என்று தள்ளிவிடக் கூடாது.

சங்கடம் எங்கே வருகிறதென்றால், அதே முப்பதாவது ஆளை இன்னொருவரும் "என் பார்ட்டி" என்று சொல்லும்போதுதான். விற்கிறவர் ஒரே வீட்டை விற்றுவிட்டு இரண்டு தரகு கொடுக்கும்படி ஆகிறது. இது ஏதோ அபூர்வமாக நேருகிற விபத்து என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் வீடு விற்கும் வழக்கம் இருக்கிற இருப்பில், இது நேராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தெருவிலே ஒருவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்கிறோம். ஆபீஸ் சிநேகிதர், "எனக்குத் தெரிந்த ஒரு ஆசாமி இருக்கிறார்" என்கிறார்; அவரிடமும் சொல்கிறோம். மருமகன் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்புகிறார். அது நாற்பது தரகர்களின் கைக்குப் போய்ச் சேருகிறது. யாரிடமும் ஒரு வரி எழுதி வாங்குவதில்லை. யாருக்கும் எழுதிக் கொடுப்பதுமில்லை. எத்தனை சதவிகிதம் என்பதுகூடப் பல இடங்களில், "அதெல்லாம் பார்த்துச் செய்யுங்க" என்பதோடு நின்றுவிடுகிறது. "பார்த்துச் செய்யுங்க" என்ற இரண்டு சொல் எத்தனை குடும்பங்களில் எத்தனை மனஸ்தாபத்துக்கு வித்தாகியிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

எனக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அத்தைக்கு மூன்று குழந்தைகள். அத்தை காலமான பிறகு மேற்கு மாம்பலத்தில் முக்கால் கிரவுண்டு மனையும் அதிலிருந்த பழைய வீடும் மூன்று பேருக்கும் பொதுவாக வந்தன. மூத்தவர், தபால் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர், அந்த வீட்டிலேயே குடியிருந்தார். அடுத்தவன் பூனாவில். கடைக்குட்டி பெண், பெங்களூரில். விற்றுவிட்டு மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. அதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

அத்தான் தெருக்கோடியில் இருக்கும் தரகரிடம் சொன்னார். எழுபது வயதுக்காரர். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் எந்த வீடு கைமாறினாலும் அவருக்குத் தெரியாமல் மாறியதில்லை. தரகு நூற்றுக்கு ஒன்று என்று வாசலில் நின்றபடியே பேச்சு முடிந்தது. அதே வாரம் பெங்களூரிலிருந்து தங்கை தன் சிநேகிதி சொன்ன ஒரு வாலிபருக்குப் போன் செய்தாள். அவர் கம்ப்யூட்டரும் மோட்டார் சைக்கிளுமாகத் தொழில் செய்கிறவர். நூற்றுக்கு இரண்டு. "எழுதிக்கிட்டேன் மேடம், நான் பார்த்துக்கறேன்" என்றார். அண்ணனுக்குத் தங்கை சொல்லாமலில்லை; தங்கைக்கு அண்ணனும் சொல்லாமலில்லை. இரண்டு பேர் தேடினால் சீக்கிரம் கிடைக்குமே என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

வைகாசியில் தெருக்கோடித் தரகர் ஒரு பல் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் சுற்றிப் பார்த்தார்; தெருவின் அகலத்தைக் கேட்டார்; இரண்டு கோடி என்று விலை சொன்னதும், "பார்க்கலாம்" என்று கிளம்பிவிட்டார். ஆவணியில் வாலிபத் தரகர் ஒரு பெண்மணியையும் அவருடைய தாயாரையும் அழைத்து வந்தார். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பெண்மணி கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் அதே பல் டாக்டர்.

பிறகு இரண்டு மாதம் வாலிபர் அலைந்ததை நானே பார்த்தேன். விலையைப் படிப்படியாகப் பேசி ஒரு கோடியே எண்பது லட்சத்துக்குக் கொண்டுவந்தார். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்த அத்தானைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனார். வில்லங்கச் சான்று எடுத்தார். பூனாவிலிருந்து பவர் பத்திரம் வரவழைத்தார். டாக்டருக்கு பாங்கியில் கடன் ஏற்பாடாகும் வரை இரு பக்கத்தையும் பொறுமையாக வைத்திருந்தார்.

அக்ரிமெண்டு எழுதுகிற அன்று காலை தெருக்கோடித் தரகர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் ஒரு நீள நோட்டுப் புஸ்தகம். "வைகாசி பதினாலாம் தேதி நான் காட்டின பார்ட்டி இவங்க. தேதியும் டயமும் இதிலே இருக்கு" என்றார்.

கணக்குப் பாருங்கள். முதியவருக்கு நூற்றுக்கு ஒன்று, 1,80,000 ரூபாய். வாலிபருக்கு நூற்றுக்கு இரண்டு, 3,60,000 ரூபாய். ஆக மொத்தம் 5,40,000. ஒரு தரகோடு போயிருந்தால் பங்குக்கு 1,20,000 வந்திருக்கும். இப்போது பங்குக்கு 1,80,000. ஒவ்வொருவருக்கும் அறுபதாயிரம் அதிகம்.

அத்தான், "பெரியவருக்கு வாக்குக் கொடுத்தது நான். கொடுக்கத்தான் வேண்டும்" என்றார். தங்கை போனில், "அண்ணா, அவர் உங்களுக்குத் தெரிஞ்சவர். அதுக்காக நாங்க ரெண்டு பேரும் எதுக்குத் தண்டம் அழணும்?" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தக் கமிஷன்லே யார் யாருக்குப் பங்கோ, யாருக்குத் தெரியும்" என்றும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. போன் எல்லாருக்கும் கேட்கும்படியாக மேஜை மேல் இருந்தது. அத்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தொகையின் தகராறு ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. தீர்த்து வைத்தவர்கள் அந்த இரண்டு தரகர்களேதான். முதியவர் சொன்னார்: "நான் ரெண்டு கமிஷன் கேக்கலீங்க. ஒரு கமிஷன்தான் நியாயம். அந்த ஒண்ணுலே என் பேரும் இருக்கணும், அவ்வளவுதான்." வாலிபர் அந்த நோட்டுப் புஸ்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முப்பது வருஷத்து வீடுகள், வந்தவர்கள், கேட்ட விலை எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. "சார், நான்கூட இப்படி எழுதி வைக்கிறதில்லே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தம் தொகையில் மூன்றில் ஒரு பங்கு பெரியவருக்கு என்று ஒப்புக்கொண்டார். விற்றவர்கள் கொடுத்தது 3,60,000 மட்டுமே.

ஆனால் தங்கை சொன்ன அந்த ஒரு வார்த்தையை யாரும் பங்கு போட்டுத் தீர்க்க முடியவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போடும்போதும் அண்ணனும் தங்கையும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பழையபடி பேச ஒரு பொங்கலும் ஒரு கல்யாணமும் தேவைப்பட்டன. இதனால்தான் இந்தச் சமாசாரத்தை வெறும் பண விஷயமாக நான் நினைப்பதில்லை. வீடு விற்கும் நேரம் பெரும்பாலும் ஒரு குடும்பம் பிரிகிற நேரம். அந்த நேரத்தில் கணக்குத் தெளிவாக இல்லாவிட்டால், இல்லாத சந்தேகமெல்லாம் வந்து நுழைந்துகொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜெண்டுகளைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே உண்டு. அதன் 219ஆவது பிரிவு சொல்வது இதுதான்: வேறு விதமாகப் பேசிக்கொண்டிருந்தாலொழிய, ஒப்புக்கொண்ட காரியம் முடிந்த பிறகே ஏஜெண்டுக்கு ஊதியம் சேரும். அடுத்த பிரிவு, தம் பொறுப்பில் தவறாக நடந்துகொண்ட ஏஜெண்டு அந்தப் பகுதி வேலைக்கு ஊதியம் கேட்க முடியாது என்கிறது. 208ஆவது பிரிவும் நமக்கு முக்கியம். ஏஜெண்டை நாம் விலக்கினால், அது அவருக்குத் தெரிய வந்த பிறகுதான் அவர் விஷயத்தில் செல்லும். மனசுக்குள்ளேயே ஒரு தரகரை விலக்கிவிட்டு இன்னொருவரைத் தேடிப் போகிறோமே, அது விலக்கினதாக ஆகாது.

2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பட்டது. அது பதிவு பெற்ற கட்டுமானத் திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுக் கொடுக்கிறவர்களைப் பற்றியது. அத்தையின் பழைய வீட்டைப் போன்றவற்றை விற்கும்போது நமக்குக் காப்பு நாம் எழுதிக்கொள்கிற காகிதம்தான்.

ஆனால், "காரியம் முடிந்த பிறகு" என்று சட்டம் சொன்னாலும், அந்தக் காரியம் எது? வீட்டைக் காட்டுவதா, விற்று முடிப்பதா? இதே கேள்வி 2008இல் லண்டனில் அப்பீல் கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு பெண்மணியின் வீட்டை முதல் ஏஜெண்டு ஒரு தம்பதிக்குக் காட்டினார். அவர்களுக்கு அப்போது ஆர்வமில்லை. பிற்பாடு இன்னொரு ஏஜெண்டு மூலம் அதே தம்பதி அந்த வீட்டை வாங்கினார்கள். இரண்டாமவருக்குத் தரகு கொடுத்தாயிற்று. முதலாமவரும் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் அவருக்கே ஜயம். அப்பீலில் தீர்ப்பு மாறிற்று. ஒருவரை வீட்டுக்கு அறிமுகம் செய்வது வேறு, வாங்குவதற்கு அறிமுகம் செய்வது வேறு. அந்த விற்பனை நடந்ததற்கு யார் பயனுள்ள காரணமோ அவருக்கே தரகு என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பெண்மணி இரண்டு தரகு கொடுக்காமல் தப்பினார். ஆனால் அதற்காக இரண்டு கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த ஊரில் இதற்கெல்லாம் முன்னாலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். 1979ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் 1991இல் விதிகள் செய்து, ஏஜெண்டு எந்தவிதமான உரிமை கேட்கிறார் என்பதை விற்கிறவருக்கு எழுத்தில் விளக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஒரே ஏஜெண்டு முறையில், விற்கிறவரே தம் முயற்சியில் ஆளைப் பிடித்தால் தரகு இல்லை. ஆனால் கெடுவுக்குள் வேறு ஏஜெண்டு மூலம் விற்றால் முதலாமவருக்கும் கொடுக்க வேண்டும். முழு விற்பனை உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலோ, அடுத்த வீட்டுக்காரருக்கே பேசி விற்றாலும் தரகு உண்டு. பல ஏஜெண்டு முறையில் விற்று முடித்தவருக்கு மட்டும்தான். ஆனால் சதவிகிதம் அதிகம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் விலை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நாமும் பல தரகர் முறையைத்தான் அனுசரிக்கிறோம். பெயரும் சொல்வதில்லை, விலையும் சொல்வதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே வீட்டை விற்க நினைக்கிறவர்கள், வாசலில் "விற்பனைக்கு" என்று பலகை மாட்டுவதற்கு முன்னால், ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும். வக்கீல் பாஷை வேண்டியதில்லை. வீட்டில் பேசுகிற தமிழே போதும்.

முதலாவது, பங்குதாரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தரகரிடம் பேசுகிறவர் ஒருவர்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் யாரிடம் எதைச் சொன்னாலும் அவர் வழியாகவே சொல்ல வேண்டும். அடுத்தது, தரகர் ஒருவரா பலரா என்பது. ஒருவர்தான் என்றால் தொண்ணூறு நாள் என்று கெடு வையுங்கள். கெடு முடிந்ததும் முடிந்தது என்று அவருக்கு எழுதித் தெரிவியுங்கள். பலர் என்றால் ஒவ்வொருவரிடமும் ஒரே வாசகத்தைச் சொல்லுங்கள்: "இந்த வீட்டுக்கு மொத்தத் தரகு இத்தனை சதவிகிதம், ஒரு தடவைதான். இரண்டு பேர் உரிமை கேட்டால், அதற்குள்ளேயே நீங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்." முன்னாலேயே சொல்லிவிட்டால் தரகர்கள் இதற்குச் சம்மதிக்காமல் இருப்பதில்லை. ஒரு விற்பனையில் மூன்று நாலு பேர் சங்கிலியாக இருந்து பங்கிட்டுக்கொள்வது அவர்களுடைய தொழிலில் பழக்கமான காரியம்தான்.

பிறகு, வந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு நோட்டு. தேதி, பெயர், போன் நம்பர், அழைத்து வந்தவர் யார் என்று நாலு கலம் போதும். கணவன் ஒருவர் மூலமும் மனைவி இன்னொருவர் மூலமும் வருவதுண்டு. ஆகையால் யாருக்காகப் பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு தரகர் ஆளைக் கொண்டுவந்தால் அன்றைக்கே, "இவர் முன்பே இன்னார் மூலம் வந்தவர்" என்று சொல்லிவிடலாம். அன்றைக்குச் சொன்னால் அது தகவல். அக்ரிமெண்டு நாளில் சொன்னால் அது தகராறு.

தரகு எப்போது என்பதும் இருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய அன்றே கேட்பார்கள். அட்வான்ஸுக்குப் பிறகு முறிந்து போகும் பேரங்களும் உண்டாகையால், பத்திரம் பதிவாகிற அன்று என்று எழுதிக்கொள்வது நல்லது. வரி விஷயமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற தரகு நிறுவனமானால் தரகின் மேல் 18 சதவிகிதம் வரி சேரும். அது சொன்ன தொகைக்குள் அடக்கமா, தனியா என்று கேட்டுவிடுங்கள். பணத்தை செக்காகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீடு விற்ற லாபத்துக்கு வருமான வரி கணக்குப் பார்க்கும்போது தரகை விற்பனைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ரசீது இல்லாத தரகை எந்த அதிகாரியிடம் போய்க் கழிப்பது?

வாங்குகிறவரிடமும் தரகர் வாங்கப் போகிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நம் ஊரில் இரு பக்கமும் வாங்குவது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதற்காக அதை மறைத்து வைக்கத் தேவையில்லை. நமக்கு விலையை ஏற்றவும், அவர்களுக்கு விலையை இறக்கவும் ஒரே மனிதரை நம்பியிருக்கிறோம் என்பது தெரிந்தால், பேரத்தின்போது காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்வோம். "உங்க கைக்கு இத்தனை வந்தாப் போதுமில்லே, மேலே வர்றது எனக்கு" என்று ஒருவர் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த 'மேலே' எவ்வளவு என்பது கடைசிவரை நமக்குத் தெரியாது.

இவ்வளவும் விற்கிறவர் பக்கத்து ஜாக்கிரதை. தரகர் பக்கத்து நியாயமும் ஒன்று உண்டு. அவர் காட்டிய ஆளிடம், "கெடு முடியட்டும், பிறகு நேராக வாருங்கள், தரகை நாம் மிச்சம் பிடிக்கலாம்" என்று காதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியில் பெரிய மனிதர்கள். ஒரு கோடிக்கு வீடு விற்கிறவர்கள். இரண்டு தரகு கொடுப்பது அநியாயமென்றால், ஒன்றைக்கூடக் கொடுக்காமல் ஏய்ப்பது அதைவிட அநியாயம். அதனால் அந்த ஒரு பக்கக் காகிதத்தில், கெடுவுக்குள் அவர் காட்டிய ஆட்களில் யாராவது அடுத்த மூன்று மாதத்துக்குள் வாங்கினால் தரகு அவருக்கே என்ற வரியையும் நாமே முன்வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவருக்காகத் தரகர் வெயிலில் இன்னும் நாலு தடவை பூட்டைத் திறப்பார்.

"தெரிந்த மனுஷனிடம் போய்க் காகிதம் நீட்டுவதா?" என்று சிலர் தயங்குவார்கள். தெரியாத மனுஷனிடம் நஷ்டப்பட்டால் பணத்தோடு போயிற்று. தெரிந்தவர்களிடம்தான் பணத்துக்கு மேலேயும் இழப்பதற்கு ஏதோ இருக்கிறது. தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது என்று ஒரு கட்டுக் கட்டி பீரோவில் வைத்திருப்பீர்கள். வீட்டை விற்கலாம் என்ற பேச்சு எழுந்த அன்றே, அந்தக் கட்டுக்கு மேலே இந்த ஒரு பக்கத்தையும் வைத்துக் கட்டிவிடுங்கள். உங்கள் தங்கையும் அண்ணனும் அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் நல்லது.